ரெண்டு நாலு அளவுக் கை

...லேடீஸுக்கென்றே வந்ததாம், ஊதாப் பிடி போட்ட குட்டித் துப்பாக்கியை எடுத்து வைக்கிறான் கடைக்காரன், நான் என்ன நெயில் பாலிஷ் வாங்கவா வந்தேன், தள்ளி வை ராசா, அதோ கண்ணாடிக்குள் கறுப்பாக இருக்கிறதே, அதை எடு. கடையிலிருக்கிற தாடிக்காரர்கள் எல்லாம் என் முக்காட்டையே பார்க்கிறார்கள், நன்றாகப் பார்க்கட்டும், டெக்சஸில் அவர்களுக்கு இருக்கிற உரிமை இந்த மெஹர் நிஷாவுக்குக் கிடையாதா, நானும் வரி கட்டுகிறவள்தானே. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன், வீட்டுக்கும் அதுதான், காருக்கும் அதுதான், கைப்பைக்கும் அதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ரகம் என்று கடைக்காரன் பாடம் நடத்துகிறான், என் சமையல்கட்டைப் பார்த்திருந்தால் பேசமாட்டான், ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரே கத்தி, கறிக்கும் அதுதான், வெங்காயத்துக்கும் அதுதான், இவர் காஸ்ட்கோவில் வாங்கிய கத்தி செட் பெட்டியோடு தூங்குகிறது. இவர் என்றால் என் வீட்டுக்காரர் அன்வர் பாட்சா, பக்கத்தில்தான் நிற்கிறார், கார் சாவியை உருட்டிக்கொண்டு. "மெஹர், இன்னொரு தடவ யோசிச்சுக்கலாமே?"

யோசித்து யோசித்துத்தான் ஒரு வாரம் போனது. மளிகைக் கடையிலிருந்து என் பின்னாலேயே பிக்கப் டிரக்கில் வந்தானே ஒருத்தன், எங்கள் வீட்டுக்கு எதிரே நிறுத்தி, ஊருக்குப் போ என்று கத்தினானே, அவன் யோசித்துவிட்டா கத்தினான்... எந்த ஊருக்குப் போக, வேலை இந்த ஊரில், மகள் ஆஃபீஃபா பிறந்தது இந்த ஊரில். போலீஸ் வந்து, அவன் ஒன்றும் செய்யவில்லையே என்றது, செய்த பிறகு வருவார்களாக்கும். இவரும் அதே பாட்டு, "கேமரா மாட்டிக்கலாம், வீட்டுக்குள்ள அது வேணாம்," வாரம் முழுக்க இதே பல்லவி, வீட்டுக்குள்ள வேணாம், வீட்டுக்குள்ள வேணாம், பயந்தாங்கொள்ளி, பெண்டாட்டி தைரியமாக இருப்பது உறுத்துகிறது, வேறென்ன.

கறுப்பு வந்தது. என் கையைப் பார்த்தே கடைக்காரன் அளவு சொல்கிறான், ஹில்கிராஃப்ட் தெரு வளையல்கடைக்காரரும் இப்படித்தான், பார்த்ததுமே ரெண்டு நாலு என்றார், நோன்புப் பெருநாளுக்கு எனக்கும் ஆஃபீஃபாவுக்கும் சேர்த்து ஒரே பெட்டியாக வாங்கினோம், பதினைந்து வயதிலேயே என் அளவுக்கு வந்துவிட்டாள். பிடித்துப் பார்க்கிறேன்... அட, கைக்குள் என்னமாய் உட்கார்கிறது, விரல் போகவேண்டிய இடத்துக்குத் தானாகப் போகிறது. இதுதான், முடிந்தது. பூட்டி வைக்கப் பெட்டி வேண்டுமா என்கிறான், எதற்கு, ஆபத்து வரும்போது சாவி தேடவா, தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கை நீட்டினால் எட்டவேண்டும். வீட்டில் பிள்ளைகள் உண்டா என்கிறான். ஒரு மகள், ரொம்ப நல்ல பிள்ளை, சத்தமே வராது, எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள், சொல்லிக்கொண்டே இவர் பக்கம் திரும்பினேன். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் என்ன இருக்கிறது... ரெண்டு நாலு, ஆஃபீஃபாவுக்கும் இதே கை. பெருநாளன்று அவள் வளையலை முழுக்கைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டாளே, கையை ஏத்திவிட்டுப் போடும்மா என்றதற்கு, "ஐ'ம் ஃபைன், மா, லீவ் இட்" என்று முதுகைக் காட்டினாளே. ஹூஸ்டன் வெயிலில் முழுக்கை, வீட்டுக்குள்ளும் முழுக்கை, நான் சொல்லாமலே மகளுக்கு அடக்கம் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், என்று நாத்தனாரிடம் பெருமையடித்தேன், அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் பாதியில் எழுந்து போய் ஆஃபீஃபாவின் கதவைத் தட்டினார், என்னங்க என்றேன், ஒண்ணுமில்ல என்றார். அடக்கமா அது, இல்லை, கையில் தானே கீறிக்கொண்டதை மறைக்கவா? இவர் எனக்குச் சொல்லியிருக்கலாமே... சொன்னாரே, வாரம் முழுக்க, வீட்டுக்குள்ள வேணாம், வீட்டுக்குள்ள... சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது, என் பிள்ளையை எனக்குத் தெரியாதா, நான் பயந்து பின்வாங்குகிறவள் இல்லை, வாங்கத்தான் வந்தேன், வாங்கிக்கொண்டுதான் போவேன். உங்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது மேடம், பில் போடட்டுமா என்கிறான் கடைக்காரன். வேண்டாம், இதைவிடப் பெரிதாக ஒன்று காட்டுங்கள் என்றேன், என் கையால் பிடிக்கவே முடியாததாக. கடைக்காரன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.