சகலையின் செவ்வந்திகள்

மாமனார் வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம்தான். "நாற்றுப் பண்ணைய எப்படி வளத்துட்டான் பாத்தீங்களா?" என்று பெரிய மாப்பிள்ளையிடமே கேட்பார். வெளிநாட்டுச் செடிகளைச் சோதிக்கும் அரசு நிலையத்தில் பரிசோதகரான பெரிய மாப்பிள்ளை சிரித்து வைப்பார். உள்ளே பற்றி எரியும்.

அந்தச் சகலை வரவழைத்த செவ்வந்திச் செடிகள் ஒருநாள் அவருடைய நிலையத்திலேயே வந்து இறங்கின. நோயில்லை என்று உறுதியாகும்வரை செடிகளைக் கண்ணாடிக் கூடத்தில் அடைத்து வைக்க வேண்டும் என்பது விதி. உறவினர் சரக்கென்றால் வேறொரு பரிசோதகரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் விதிதான். அவர் மூச்சுவிடவில்லை.

தினமும் காலணியை மருந்துநீரில் நனைத்து, இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போய், இலை இலையாகப் புரட்டினார். ஒரு புள்ளியாவது கிடைக்காதா என்று மனம் அடித்துக்கொண்டது. செடிகளோ, சொந்தக்காரரைப் போலவே, தளதளவென்று நின்றன.

ஒரு காலையில் கிடைத்தது. இலையின் மேலே வெளிறிய மஞ்சள் புள்ளி. அடியில் மெழுகு போலக் கொப்புளங்கள். துள்ளிக் குதிக்காத குறை. மறுகணமே சந்தேகம் வந்தது: தான் காண்பது நோயையா, தன் வயிற்றெரிச்சலையா? யாருடைய செடி என்று சொல்லாமல், பக்கத்து மேசைப் பெண் பரிசோதகரிடம் இலையை நீட்டினார். அந்தப் பெண் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார்.

"வெண்துருப் பூஞ்சை சார். சந்தேகமே இல்ல. மொத்தத்தையும் எரிச்சாகணும்."

சகலை ஓடி வந்தார். "நாலு இலையில புள்ளி இருந்தா எல்லாத்தையும் எரிக்கணுமாண்ணே?"

"காத்துல பரவுறதுப்பா. வெளிய விட்டா உன் பண்ணை மட்டுமில்ல, சுத்தி இருக்குற எல்லார் செவ்வந்தியும் போயிடும்."

சகலை அவர் முகத்தையே பார்த்தார். "உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தானே?"

அவர் எரிப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். செடிகள் எரிந்து முடியும்வரை இருவரும் சுவரோரம் நின்றார்கள்.

அன்று மாலை சாப்பாடு பரிமாறிக்கொண்டே மனைவி சொன்னாள்: "அப்பா ஃபோன் பண்ணாரு. உங்களாலதான் பண்ணை தப்பிச்சுதுன்னு தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னாராம்."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. "மாமா என்ன சொன்னாரு?"

"இவ்வளவு நஷ்டத்துலயும் சின்ன மாப்பிள்ளை உங்கள விட்டுக்கொடுக்காம பேசுறாராம். தங்கமான பையன்னு அப்பா ஒரே புகழ்ச்சி."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "போதும். பசியில்ல."