ஐந்து குடுவைக் கடல்காற்று

குந்தவை நீடாமங்கலத்துக்காரி. நாகப்பட்டினத்தில் மீனவர் காயாரோகணத்தின் ஃபைபர் படகில் ஏறிய அன்றுதான் முதன்முதலாகக் கடலுக்குள் போனாள். தஞ்சாவூரில் காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடல்பாசிகள் வெளிவிடும் கரிம வாயுக்கள், கரையின் புகை எட்டாத காற்றில் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்க வேண்டும். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதற்காக, உள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஐந்து எஃகுக் குடுவைகளைக் கொண்டுவந்திருந்தாள்.

காயாரோகணம் முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். வலை இல்லாமல் போவது அதுதான் முதல் தடவை. பிடித்த காற்று கெட்டுப்போகாமல் இருக்க ஐஸ் பெட்டி வேண்டுமா என்று அவருடைய மச்சினன் வெற்றிசெல்வன் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

குந்தவையின் கட்டளைகள் கடுமையானவை. பீடி கூடாது. டீசல் கேனைத் திறக்கக் கூடாது. வெற்றிசெல்வனின் தலையில் எண்ணெய் மினுங்கியதைப் பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவிவிட்டு வந்தார். கரை மறைந்ததும் இருவரும் எஞ்சினை அணைத்து, துடுப்புப் போட்டுப் படகின் தலையை வாடைக்காற்றுக்கு நேராக நிறுத்திக் கொடுத்தார்கள். தலைசுற்றலோடு குந்தவை ஐந்து குடுவைகளையும் நிரப்பினாள்.

பத்து நாளில் ஆய்வக முடிவு வந்தது. பாசியின் வாயுக்களை மூழ்கடித்துவிட்டு, மலைபோலக் கற்பூரமும் மெந்தாலும் நின்றன. யாரோ எதையோ தடவிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கோபமாகப் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே நினைவு வந்துவிட்டது. தலைசுற்றலுக்குத் தைலம் தடவிக்கொண்டது அவள்தான். அதே நெற்றியோடுதான் ஒவ்வொரு குடுவையின் மேலும் குனிந்திருந்தாள். அதற்குள் காயாரோகணம் போனை எடுத்துவிட்டார்.

“அண்ணே, இன்னொரு தடவ போகணும். தப்பு என்னோடதுதான். நான் பூசுன தைலம் அஞ்சு குடுவையிலயும் இருக்கு.”

மறுமுனையில் அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

“என் மச்சினன் தலையக் கழுவ வச்சீங்களேம்மா,” என்றார் கடைசியில்.

இரண்டாவது பயணத்தில் தைலம் இல்லை. அதனால் குந்தவை நான்கு முறை வாந்தி எடுத்தாள். நான்கு குடுவைகளை எப்படியோ நிரப்பிவிட்டாள். ஐந்தாவதை எடுத்தபோது நிற்க முடியவில்லை. காயாரோகணம் அதை வாங்கிக்கொண்டு படகின் முனைக்குப் போனார். அவள் உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல, கையைக் காற்றுக்குள் நீட்டி மூடியைத் திருகித் திறந்தார். குடுவையின் சீறல் அடங்கும்வரை அவர் தன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அப்படிச் செய்யும்படி அவள் சொல்லவே இல்லை.

இந்த முறை பாசியின் வாயுக்கள் தெளிவாகத் தெரிந்தன. ஐந்தில் மிகச் சுத்தமாக வந்தது அவர் பிடித்த காற்றுதான். குந்தவை உடனே அவருக்குப் போன் செய்து சொன்னாள்.

“ஒரு நிமிசம் இருங்கம்மா, ஸ்பீக்கர்ல போடுறேன்,” என்றார் காயாரோகணம். “மச்சினன் பக்கத்துலதான் இருக்கான். இன்னொரு தடவ சொல்லுங்க.”