துடைக்க வேண்டாத இன்சுலேட்டர்

பாண்டிராஜ் இறந்த பதினெட்டாம் நாள் பிரேமலதா வேலைக்கு வந்தாள். கோவில்பட்டியில், மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கி மின்கசிவைத் தடுக்கும் சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர் செய்யும் சின்னக் கம்பெனியில் அவள் கெமிஸ்ட். கணவன் பாண்டிராஜ் குளத்தூர்ப் பக்கம் லைன்மேன். உப்பளக் காற்றில் இன்சுலேட்டர்மேல் உப்பு படியும். பனி இறங்கினால் அதன் வழியே மின்சாரம் கசியும். அந்த உப்பைத் துடைக்க ஏறியவன்தான் கால் வழுக்கி விழுந்தான்.

“இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருந்திருக்கலாம்லாம்மா” என்றார் முதலாளி லிங்கராஜ்.

“அங்கன சும்மாதான் இருக்கேன் அண்ணாச்சி.”

சோதனை அறையில் உப்புநீர் தெளிக்கும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சாவுச்செய்தி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, நைசான சிலிக்காப் பொடி கலந்த கரைசலில் ரப்பர்த் துண்டுகளை முக்கி, அடுப்பில் சுட்டு அவள்தான் உள்ளே தொங்கவிட்டிருந்தாள்.

“நீங்க வந்து சொல்லட்டும்னு நிறுத்தாம விட்டுட்டேன்க்கா” என்றாள் உடன் வேலை பார்க்கும் சுதாராணி.

பூச்சில்லாத துண்டு உப்பேறி வெளுத்திருந்தது. பூசிய துண்டின்மேல் பிரேமலதா ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். ஒட்டாமல் முத்தாக நின்றது. சாய்த்ததும் உப்புத் தூளையும் சேர்த்துக்கொண்டு உருண்டு விழுந்தது. மூன்று வருடமாக வராத பக்குவம். சுதாராணி கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். பிரேமலதா ஏதாவது வருமென்று சற்றுநேரம் நின்றாள். சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நோட்டில் தேதி எழுதினாள்.

அடுத்த மாதம் பன்னிரண்டு இன்சுலேட்டர்களோடு அவளே குளத்தூர் போனாள். பாண்டிராஜோடு வேலை பார்த்த சங்கரபாண்டி ஒன்றை எடுத்துப் பழக்கத்தில் கட்டைவிரலால் தேய்த்தார்.

“தேய்க்காதீங்கண்ணே, பூச்சு போயிரும்.”

“பெறகு எப்பிடித் தொடைக்க?”

“தொடைக்கவே வேண்டாம். பனித்தண்ணியே உப்பை உருட்டிட்டுப் போயிரும்.”

“அப்ப இதுக்காக மேல ஏற வேண்டாமா?”

“வேண்டாம்.”

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தேய்த்ததை மட்டும் அவள் தனியே எடுத்து வைத்தாள். பாண்டிராஜ் விழுந்த கம்பத்தை அவர் காட்டியபோது நிமிர்ந்து பார்த்தாள். மற்றக் கம்பங்களைப் போலத்தான் இருந்தது.

“இதுலயும் மாட்டுங்க” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் டப்பாவிலிருந்த சாம்பார் சாதத்தைத் தின்று முடித்த பிறகுதான் அது ஊசிப்போயிருந்தது தெரிந்தது.

தை மாதம் சங்கரபாண்டி போன் செய்தார். “இத்தன பனியிலயும் லைன்ல ஒரு தடவகூடக் கரண்ட் நிக்கலம்மா. ஒருத்தரும் ஏறல.”

“சரிண்ணே.”

அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

“இருக்கியாம்மா?”

“இருக்கேண்ணே.”