பூஞ்சணம் பிடிச்சதைத் தொடாதீங்க

“சரக்கா? குழந்தை பெத்தவங்களுக்கா அக்கா?”

“ஓம் தம்பி. மருமகளுக்கு வயித்தில வாயு நிக்குது. இஞ்ச கடை கடையாத் தேடினனான், நல்லது ஒண்டும் இல்லை. உங்களிட்ட இருக்குமெண்டு இவர் சொன்னவர்.”

“அண்ணனே சொன்னாரா?”

“ஓம். உதுகளை ஒழுங்காச் சேர்த்து வைக்கிற ஆள் வெங்கட் தம்பிதான் எண்டு. பழசெண்டாலும் பரவாயில்லை.”

“பழசுதான் அக்கா விசேஷமே.”

“பழசெண்டா காரம் குறைஞ்சிடுமே?”

“காரம் குறையும். ஆனா வாசனை கூடும்.”

அன்னம்மா தொலைபேசியில் சற்று யோசித்தாள். இந்தியாக்காரர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்று அவளுக்கு ஓர் எண்ணம் உண்டு. வெங்கட்ராமன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க வீட்டுக்குக் கீழேயே இருக்கே. நீங்களே எடுத்துக்கோங்க, எங்க அன்பளிப்பா இருக்கட்டும். ரெண்டு வகை இருக்கும். பூஞ்சணம் பிடிச்சதை மட்டும் தொடாதீங்க.”

“ஐயோ, பூஞ்சணம் பிடிச்சதை ஆரும் தொடுவினமே!” என்று சிரித்துக்கொண்டே அன்னம்மா வைத்துவிட்டாள்.

அந்தச் சின்ன உரையாடலுக்குள் இரண்டு சொற்கள் வழி தவறிப் போயிருந்தன.

முதலாவது, சரக்கு. வெங்கட்ராமன் படித்து வளர்ந்த திருச்சியில் சரக்கு என்றால் ஒன்றுதான். அதைக் கேட்கிறவர்கள் கடைக்குப் பின்புறமாகப் போவார்கள். அன்னம்மாவின் யாழ்ப்பாணத்தில் சரக்கு என்றால் மிளகு, மல்லி, மஞ்சள், திப்பிலி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு. பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுப்பது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேறு முடிந்ததும் பிராந்தியும் கொடுப்பார்கள் என்று வெங்கட்ராமன் அலுவலகத்தில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். ஆகவே ஞாயிறு தவறாமல் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் அன்னம்மா வாய்விட்டுச் சரக்குக் கேட்டபோது அவருக்கு ஆச்சரியமாக இருந்ததே தவிர, சந்தேகம் வரவில்லை. மதத்தை விட மருமகள் பெரியவள் என்று நினைத்து நெகிழ்ந்துகூடப் போனார்.

இரண்டாவது சொல்லைச் சொல்ல, அந்தப் போத்தல்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வெங்கட்ராமனுக்கு இனிப்பு வைன் மேல்தான் ஆசை. மற்ற வைன்களெல்லாம் அவருக்குப் புளித்தண்ணீர். எண்பத்துநாலாம் வருடத்துத் திராட்சையில் செய்த ஒரு பொன்னிற வைனை, கிரிஃபித் ஊர்ப்பக்கம் வேலையாகப் போனபோது அரை டஜன் வாங்கி வந்தார். எல்லாம் கைக்கு அடக்கமான சின்னப் போத்தல்கள். அந்தத் தோட்டத்தில் இலையுதிர்காலத்துக் காலைகளில் மூடுபனி இறங்கி, கொடியிலேயே விட்ட திராட்சைகள் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படருமாம். பழம் தண்ணீரை இழந்து, சுருங்கி, தன் இனிப்பையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்குமாம். வேறெந்தத் தோட்டக்காரனும் தலையில் கைவைத்து உட்காரும் நேரத்தில் இவர்கள் கூடையோடு இறங்குவார்களாம். அதிலிருந்து அவருக்கு அந்த வைனின் பெயர் “பூஞ்சணம் பிடிச்சது” என்றே ஆகிவிட்டது. நாள் போகப் போக அது மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கும், தேனிலிருந்து தேயிலைச் சாயத்துக்கும் மாறும். அவசரப்பட்டு நாலைத் திறந்துவிட்டார். மீதி இரண்டு.

வெஸ்ட்மீட்டில் அவர்களுடைய ஃபிளாட் மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்தது. ஜனவரிக் கோடையில் அலமாரிக்குள் வைத்த தேங்காயெண்ணெய் கொதிக்காத குறை. ஆகவே மெரிலேண்ட்ஸில், ரயில்வேயில் தன்னோடு வேலை செய்யும் அருமைநாதனின் பழைய வீட்டுக்கு அடியில், செங்கல் தூண்களுக்கு நடுவே, வெயிலே எட்டாத மண்தரையில் போத்தல்கள் படுத்துக் கிடந்தன. மனைவியிடம் அருமைநாதன் அது இந்தியாவிலிருந்து வந்த அரிஷ்டம் என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் அன்னம்மா போத்தல்களை மட்டுமல்ல, அவரையும் அங்கேயே படுக்க வைத்திருப்பாள்.

பக்கத்திலேயே விருந்தினருக்கென்று ஆறேழு மலிவான மஸ்கட் வைன் போத்தல்களும் கிடந்தன. வெங்கட்ராமன் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பொன்னிறத்தின் இரண்டு போத்தல்களையும் தன் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு வருவார். மஸ்கட்டை அவர் தொடுவதில்லை. அந்த ஈரத்தில் மஸ்கட்டின் லேபிள்கள் முழுவதும் பூஞ்சணம் பூத்திருந்தது.

“மெரிலேண்ட்ஸ்ல உங்க சின்ன வீடு எப்படி இருக்கு?” என்று மனைவி ராதா ஒவ்வொரு மாதமும் கேட்பாள். “துடைச்சு, தடவி, பேசிட்டு வந்தாச்சா? என்னைக்காவது என் முதுகைத் துடைச்சு விட்டிருக்கீங்களா?”

“நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு ராதா. அப்புறம் பேசு.”

“அழுகின பழத்தையா? போங்க.”

பல வருடங்களாக இதே பேச்சுத்தான். ராதா ருசி தெரிந்தவள். ஒரு காப்பியில் சிக்கரி கால் பங்கு கூடினால் கண்டுபிடித்துவிடுவாள். அந்த நாக்கில் இந்தப் பொன்னிறம் ஒரு துளி பட்டு, அவள் கண்ணை மூடி, “ஆமாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வெங்கட்ராமன் காத்திருந்தது அதற்காகத்தான். போத்தலுக்காகக் காத்திருப்பதாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலையில், கல்யாண நாளும் அதுவுமாக, ராதா காப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள். “சரி. இன்னைக்குத் திறங்க. ஒரே ஒரு வாய். அந்தச் சக்களத்தி முகத்தை நானும் பாத்துடறேன்.”

வெங்கட்ராமன் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். குழந்தையைப் பார்த்தது போலவும் ஆயிற்று, போத்தலை எடுத்தது போலவும் ஆயிற்று என்று சாயந்திரம் இருவரும் மெரிலேண்ட்ஸுக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவர் பாதாமி, ஆரஞ்சுத் தோல், காட்டுத்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். “ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்றாள் ராதா.

கதவைத் திறந்ததும் மிளகும் உள்ளிப்பூண்டும் வந்து முகத்தில் அடித்தன.

“வாங்கோ, வாங்கோ! இருங்கோ கதிரையில. தம்பி, உங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லவேணும். பிள்ளை இப்ப என்ன மாதிரி இருக்கிறாள் பாருங்கோ.”

மருமகள் ரஞ்சினி சோபாவில் காலை நீட்டி, மடியில் குழந்தையோடு, ரோஜா நிறக் கன்னங்களோடு இருந்தாள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவித்தவள் மாதிரி இல்லை, கடற்கரையில் விடுமுறை கழித்து வந்தவள் மாதிரி இருந்தாள்.

“மஸ்கட் நல்லா வேலை செய்யுது” என்று வெங்கட்ராமன் ராதாவின் காதில் சொன்னார். சொல்லிக்கொண்டே குசினிப் பக்கம் பார்வையை ஓட்டியவர் அப்படியே நின்றார்.

சிங்க் ஓரத்தில் ஒரு சின்னப் போத்தல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. லேபிளை ஊறவைத்து உரித்திருந்தார்கள். அந்தக் கழுத்தை அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் துடைத்த கழுத்து.

“அக்கா… அது…”

“நல்ல போத்தல் தம்பி. எண்ணெய் விட்டு வைக்கலாமெண்டு கழுவினனான். தக்கைதான் வரமாட்டனெண்டு நிண்டது. அகப்பைக் காம்பால உள்ளுக்குத் தள்ளிப்போட்டன்.”

“பூஞ்சணம் பிடிச்சதைத் தொடாதீங்கன்னு சொன்னேனே!”

“தொடேல்லையே! எல்லாத்திலயும் பூஞ்சணம். நல்லாத் தேடி, துப்பரவா இருந்த ரெண்டில ஒண்டைத்தான் எடுத்தனான்.”

அருமைநாதன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது.

“கீழ சரக்கைக் காணேல்லை, உந்த அரிஷ்டம்தான் கிடந்தது. சபையில ஒரு அன்ரி திப்பிலியும் வேர்க்கொம்பும் குடுத்தவ” என்று அன்னம்மா தொடர்ந்தாள். “சரக்கை அரைச்சு, உங்கட அரிஷ்டத்தில கரைச்சு, நாலு பல்லு உள்ளி தட்டிப்போட்டு, பாதியா வத்த வைச்சனான். உங்களுக்குத்தான் புண்ணியம்.”

சரக்கை அரைச்சு. அப்போதுதான் வெங்கட்ராமனுக்கு வியாழக்கிழமைத் தொலைபேசிப் பேச்சு முழுவதும் ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்பி வந்தது. அவர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார்.

ரஞ்சினி குனிந்து கிசுகிசுத்தாள். “அங்கிள், ஐ நோ வாட் இட் இஸ். கொதிச்சுக் கொதிச்சு வெறி எல்லாம் போயிட்டுது, டேஸ்ட் மட்டும்தான் நிக்குது. மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பிளீஸ். நாளைக்கும் ஒரு கப் இருக்கு.”

“அண்ணே, கீழே சாவி” என்றார் வெங்கட்ராமன். அருமைநாதன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டினார்.

வீட்டுக்கு அடியில் குனிந்து போகவேண்டும். மண் குளிர்ந்து கிடந்தது. பூஞ்சணம் பூத்த மஸ்கட்டுகள் வரிசையாக, குற்றமற்றவர்களாக, அவரைப் பார்த்தன. கோடியில், வேட்டித் துணிக்கு மேல், ஒன்று. ஒன்றே ஒன்று. டார்ச்சை அதன் பின்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் ஒரு மாலை வெயில் எழுந்து அசைந்தது. பனியும், சுருங்கிய பழங்களும், ஆளில்லாத ஒரு ஆற்றங்கரையும் அதற்குள் இன்னும் இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. போகட்டும், ஒன்று போதும். ஒரு வாய்க்கு ஒரு போத்தல் ஏராளம். வீட்டுக்குப் போய், குளிரவைத்து, கல்யாணத்துக்கு வந்த அந்தக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, விளக்கைக் கொஞ்சம் தணித்து… அவர் போத்தலைத் துடைத்து, திரும்பவும் படுக்க வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மேலே ஏறினார்.

பின் படிக்கட்டில் நின்றபடியே குசினி தெரிந்தது. ராதா மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தேநீர்க் கோப்பை. ஆவி பறந்தது.

“மீன் கீன் ஒண்ணும் போடலியே அக்கா?”

“சீ, குடிக்கிற தண்ணியில ஆர் மீன் போடுறது? ஒரு வாய் பாருங்கோ. பிள்ளை பெறாதவையும் குடிக்கலாம்.”

“ராதா, வேண்டாம்…” என்று வெங்கட்ராமன் சொல்ல வாயெடுப்பதற்குள் ராதா ஒரு வாய் குடித்துவிட்டாள்.

அவள் இன்னொரு வாய் குடித்தாள். பிறகு, அவர் இத்தனை வருடங்களாக மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்த அதே விதமாக, ராதாவின் கண்கள் மெல்ல மூடிக்கொண்டன. இமைகள் லேசாகத் துடித்தன.

“ஆமாங்க” என்றாள்.

வெங்கட்ராமன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சொன்னது நிஜம்தான். பாதாமி… அப்புறம் தேன். அதுக்குப் பின்னாடி மிளகு வந்து பிடிக்குது பாருங்க, அடடா. திப்பிலி இல்லாம இது எடுபடாது. இவ்வளவு நாள் இதை வெறுமனேயா குடிச்சிட்டு இருந்தீங்க?” கோப்பையின் அடியில் இருந்ததை வழித்துக் குடித்துவிட்டு, அன்னம்மாவிடம் திரும்பினாள். “அக்கா, இன்னும் திப்பிலி இருக்கா?”

“அரைச்சது மிச்சம் இருக்கு. அரிஷ்டம்தான் பிள்ளைக்கு எடுத்து வைச்சதோட முடிஞ்சுது.”

“அது கீழ இன்னொண்ணு இருக்கு” என்றாள் ராதா.

அன்னம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். அகப்பைக் காம்பைத் துடைத்துத் தயாராக எடுத்து வைத்தாள். அருமைநாதனின் செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. ராதா புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து, கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தாள்.

“ஏங்க, சாவி உங்க கையிலதானே இருக்கு? போய் அதையும் எடுத்துட்டு வாங்களேன்.”