காகிதக் கயிற்று நாற்காலி

முப்பத்துமூன்று வருடம் பேருந்து ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் தையல்காரம்மாவின் கணவர். தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் டிரைவர்தான். வேலையை விட்டுவிட்டாலும் முதுகுவலி அவரை விடவில்லை. சோபாவில் உட்கார்ந்தால் புதைந்துபோவார், எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

பல் டாக்டரிடம் காத்திருந்த ஒரு நாள், பழைய பத்திரிகை ஒன்றில் அந்த நாற்காலியின் படத்தைத் தையல்காரம்மா பார்த்தாள். எழுபது வருடத்துக்கு முன் டென்மார்க்கில் கையால் செய்தது என்று போட்டிருந்தது. மெலிந்த கால்கள், துடுப்பு மாதிரி அகன்று முடியும் கைப்பிடி, பின்பக்கமாகச் சாய்ந்த இருக்கை. ஒரு இடத்தில்கூட ஆணி தெரியவில்லை. படம் மனதில் ஒட்டிக்கொண்டது. அந்த மாதிரி செய்து கொடுக்கிற தச்சர் ஒருவர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பதாக, துணி தைக்க வந்த ஒருத்தி சொன்னாள்.

போய்ப் பார்த்தால் தச்சர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும், காதில் பென்சில். இதற்கென்று எந்த மரத்தையும் அவர் வெட்ட விடுவதில்லை. இடித்த பள்ளிக்கூடத்தின் உத்தரங்களை வாங்கி அடுக்கி வைத்திருந்தார். மேலே பூச ஆளிவிதை எண்ணெய், இருக்கை பின்னக் காகிதக் கயிறு.

"காகிதத்துல கயிறா? ஒரு மழைக்குத் தாங்குமா?"

தச்சர் ஒரு முழக் கயிற்றை அவளிடம் நீட்டினார். "அறுத்துப் பாருங்க."

வாழ்நாளெல்லாம் நூலோடு மல்லுக்கட்டிய கைகள் அவளுடையவை. முறுக்கி, சுண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கயிறு அசைந்து கொடுக்கவில்லை.

"சரி, செஞ்சிடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது."

"உட்காரப்போறவரைப் பார்க்காம எப்படிம்மா?"

"அவர் சட்டை, பேன்ட் எல்லாம் நான் தைக்கிறதுதான். எந்த அளவு வேணும், கேளுங்க."

"அளவு வேற, உட்கார்ற பழக்கம் வேற..." என்று தச்சர் இழுத்தார். அவள் அதற்குள் முழங்காலிலிருந்து தரை வரைக்கும், இடுப்பகலம், முதுகு நீளம் என்று மளமளவென்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். தச்சர் பென்சிலை எடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து நாற்காலி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தது. கயிறு படிந்திருக்கிறதா என்று ஒரு மாதத்தில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத் தச்சர் போனார். டிரைவர் ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். உட்கார்ந்தார். உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது, முகம் கூரையைப் பார்த்தது.

"எப்படிங்க இருக்கு?"

"சூப்பர்," என்றார்.

உண்மையில் அவருக்கு ஒத்துவரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டையே பார்த்துப் பழகிய உடம்பு. சாய்ந்ததும் பிரேக் எட்டாத மாதிரி வலது கால் பரபரத்தது. ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்தபின் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கண்ணில் படுகிற நேரம் பத்து நிமிடம் உட்காருவார். அவள் மிஷினுக்குப் போனதும் நைசாக எழுந்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போய்விடுவார்.

நாலு மணிக்கு அவர் நடக்கப் போவது வழக்கம். அப்படி ஒரு நாள், ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் போதாமல் அவள் ஜன்னலோரம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மிஷின் முன்னால் அவளுக்கு இருந்தது முதுகில்லாத ஒரு ஸ்டூல். முப்பது வருடமாக அதே ஸ்டூல். இங்கே சாய்ந்ததும் இரண்டு தோள்களும் மெல்ல இறங்கின. நூல் கோர்த்து முடித்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. பாதம் தரையில் முழுதாகப் படியவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். புருஷனுக்கென்று வாங்கியதில் தான் சொகுசு காண்பது திருட்டு மாதிரி பட்டது. கேட் சத்தம் கேட்டால் துள்ளி எழுந்து இருக்கையைத் தடவிச் சரிசெய்துவிட்டு ஸ்டூலுக்கு ஓடுவாள்.

சொன்னபடி ஒரு மாதத்தில் தச்சர் வந்தார். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பின்னலில் விரலை ஓட்டினார்.

"யாரு இதுல உட்கார்றது?"

"நான்தான்," என்றார் டிரைவர்.

"அவர்தான்," என்றாள் அவள், அதே மூச்சில்.

தச்சர் கயிறுகளுக்கு இடையிலிருந்து ஒரு குண்டூசியை உருவினார். அப்புறம் ஊதா நிறத்தில் ஒரு துண்டு நூல். "ஏன் சார், இப்ப தையலும் போடறீங்களா?"

டிரைவர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "எனக்கு முதல் நாள்ல இருந்தே சரிப்படலை," என்றார்.

"ஒரு மாசமா சூப்பர் சூப்பர்னு சொன்னது?"

"நீ ஆசையா வாங்கினியே... நீ மட்டும் என்ன, திருட்டுத்தனமாத்தானே உட்கார்ந்தே?"

அவள் அடுக்களைக்குப் போனாள். மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அவருடையதை மட்டும் ணங்கென்று வைத்தாள்.

தச்சர் அவளை உட்காரச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே டேப்பைப் பிடித்தார். "உங்களுக்கு இது உயரம் ஜாஸ்தி. நாலு கால்லயும் ஒரு அங்குலம் எடுத்தா சரியா இருக்கும். ஆனா அப்புறம் இது சாருக்கு ஆகாது."

"அதுக்கென்ன, வெட்டு..." என்று டிரைவர் தொடங்கினார்.

"நீங்க இருங்க சார். அம்மா சொல்லட்டும்."

அவள் கைப்பிடியின் அகன்ற முனையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்தவள். தன் காலுக்கு என்ன உயரம் வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை.

"வெட்டுங்க," என்றாள்.

தச்சர் வாசலில் செய்தித்தாளை விரித்து ரம்பத்தை எடுத்தார். டிரைவர் நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவள் உட்கார்ந்தபோது இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன. சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம், மிச்சமிருந்த உத்தரத்தில் தச்சர் டிரைவருக்கும் ஒன்று செய்து கொடுத்தார். இந்தத் தடவை அவரையே பட்டறைக்கு வரவழைத்து, வெவ்வேறு ஸ்டூல்களில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கை வைத்தார். நேர் முதுகு, சாய்வே கிடையாது. அழகு என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அவர் அதை வாசற்கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நடையை ஐந்து மணிக்குத் தள்ளிவைத்தார்.

இப்போதெல்லாம் நாலு மணிக்கு யாராவது துணியோடு வந்தால் அவர் வாசலிலேயே மறித்துவிடுகிறார்.

"அம்மா இல்லையா சார்?"

"இருக்காங்க. உட்கார்ந்திருக்காங்க. அரை மணி கழிச்சு வாங்க."