பெயர் எழுதாத மண்டையோடு

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. கோடையில் படகேறி வந்திறங்குகிறவர்கள் கையில் கொடுக்க, எங்கள் ஸ்டைன்விங்கல் ஊராட்சி மன்றம் நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்று கேட்டது. நிலவியல், வரலாறு, கோயில்கள், இதே வரிசையில். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் இதையே கரும்பலகையில் எழுதியவள், நேரம் கிடைத்தால் கதையும் எழுதுகிறவள் என்பதால் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு பக்கம் ஒழுங்காகத்தான் போயிற்று. மூன்றாவது பக்கத்தில் நோட்புர்கா வந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "செங்குத்து மலைக்கும் ஆழமான ஏரிக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் எழில்மிகு ஊர்..."

எழில்மிகு என்பதை அடித்துவிட்டேன். நவம்பரில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் பிப்ரவரியில்தான் தலைகாட்டும். அந்த மூன்று மாதம் இங்கே குடியிருந்து பாருங்கள், அந்தச் சொல் உங்கள் வாயில் வராது.

இரண்டாம் தொடக்கம்: "உயிரோடிருப்பவர்களுக்கே இங்கே இடமில்லை, செத்தவர்களுக்கு..." இது பரவாயில்லை. எங்கள் கல்லறைத் தோட்டம் பாறை விளிம்பில் கையகல நிலம். ஒருவருக்குப் பத்து வருஷம். பிறகு குழியைத் திறந்து மண்டையோட்டை எடுப்போம். வீட்டார் கழுவுவார்கள். வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் பூமாலையும் பெயரும் தீட்டி, மேல்கோயிலை ஒட்டிய எலும்பறையில் வைப்போம். குழிக்கு அடுத்தவர் வருவார். இதில் எங்களுக்குப் பயமும் இல்லை, பெருமையும் இல்லை.

(மேல்கோயில் கத்தோலிக்கர்களுடையது. கரைக்கோயில் சீர்திருத்தச் சபையாருடையது. சபைக்குத் தடை இருந்த காலத்தில் சபையார் வேதப் புத்தகத்தைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைத்து, நாலு தலைமுறை மூச்சுவிடாமல் வாழ்ந்தவர்கள். மறைப்பதில் கைதேர்ந்த வம்சம். நோட்புர்காவின் கணவன் ரூபெர்ட் அந்த வம்சத்துக்காரன்.)

3

அவர்களுக்கு ஒரே மகன், வின்சென்ஸ். பத்தொன்பது வயதில், அக்டோபர் மாதம், அக்கரையிலிருந்து வைக்கோல் ஏற்றிவரும்போது படகு கவிழ்ந்துவிட்டது. எங்கள் ஏரி ஆட்களைத் திருப்பித் தருவதில்லை; அடியில் தண்ணீர் அவ்வளவு குளிர். உடல் இல்லாத பெட்டிக்குக் குழி கிடையாது என்பது ஊர்த் தீர்மானம்.

மூன்றாம் வாரம் ரூபெர்ட் அக்கரையிலிருந்து ஆணியடித்த பெட்டியோடு வந்தான். "கிடைச்சுட்டான். பார்க்கிற மாதிரி இல்ல, திறக்காதே" என்றான். எங்கள் ஊர்க் கிழட்டு டாக்டர் இறப்புச் சான்றில் கையெழுத்துப் போட்டார். நோட்புர்காவுக்கு அழுவதற்கு ஒரு இடம் கிடைத்தது. ரூபெர்ட் செத்து இரண்டு வருஷம் ஆகிறது, டாக்டர் அதற்கும் முன்னால்.

போன குளிர்காலத்தோடு பத்து வருஷத் தவணை முடிந்தது; மண் இளகியதும் இந்த மார்ச்சில் குழியைத் திறந்தார்கள். குழி தோண்டும் கோர்பினியான் என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, உள்ள பையன் இல்ல."

"இல்லன்னா?"

"கல்லு. ஏரிக்கரைக் கல்லு ஏழு. ஒண்ணும் உருளாதபடிக்குக் கம்பளியில சுத்தி வச்சிருக்கான் அந்த மனுஷன். தொட்டில்ல போடுற மாதிரி."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இப்படிப் பேசுவாளா? சோப்பு, பழைய துணி எல்லாம் எடுத்து வச்சாச்சாம். 'அவன் தலையைத் தொட்டுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி'ங்குறா. நாளைக்குக் காலையில வருவா. நான் எதைக் குடுப்பேன்? கல்லையா?"

பத்து வருஷத்தில் துக்கம் ஆறிவிடும், கழுவக் கேட்கமாட்டாள் என்று ரூபெர்ட் கணக்குப் போட்டிருப்பான். தப்புக் கணக்கு.

4

இந்த இடத்தில் நான் எழுதிவைத்த கோர்பினியான் மீது எனக்கே சந்தேகம் வருகிறது. முதல் படியில் இப்படி எழுதியிருந்தேன்: "நீண்ட நேரம் யோசித்த கோர்பினியான், எலும்பறையின் பின்வரிசையில் பெயர் அழிந்துபோன..."

பொய். அவருக்கு அப்படியெல்லாம் தோன்றாது. யோசனை என்னுடையது.

"பின்வரிசையில பேர் அழிஞ்சது நாலஞ்சு கிடக்கில்ல?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "கதை எழுதுற உங்களுக்கு ஒரு தலைக்குப் பதிலா இன்னொரு தலை. எனக்கு அப்படியில்ல டீச்சரம்மா."

"அப்போ போய் உண்மையைச் சொல்லுங்க."

அவர் போகவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அவளுக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் கதை ஒன்று கிடைத்த சந்தோஷம் அது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

மறுநாள் காலை, பின்வரிசையிலிருந்து எடுத்துக் கோர்பினியான் மண் பூசித் தந்த மண்டையோட்டை, எலும்பறை வாசலில் நோட்புர்கா மண்டியிட்டுக் கழுவினாள்; நானும் பக்கத்தில் நின்றேன்.

"தண்ணி இவ்வளவு சூடு எதுக்குக்கா?" என்றார் கோர்பினியான்.

"பச்சைத் தண்ணின்னா சின்னதுலேயே அழுது ஊரைக் கூட்டுவான்."

நெற்றி, கண்குழி, கன்னம். பிறகு பற்கள். அங்கே அவள் கட்டைவிரல் நின்றது. அறுபது வருஷம் முரட்டுக் கறுப்பு ரொட்டி மென்று மழுங்கிய பற்கள். பத்தொன்பது வயதுக்காரனுடைய வாய் அது இல்லை. என் முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை, பற்களை நான் யோசிக்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு என்கிட்ட பொய் சொன்னாரா?"

கோர்பினியான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கல், கம்பளி, கடைசியாக, "இந்த யோசனை டீச்சரோடது."

"அப்போ இது யாரு?"

"தெரியலக்கா."

அவள் கீழே வைத்துவிடுவாள் என்று பார்த்தேன். மறுபடி துணியை நனைத்தாள். "பாதியில விடக்கூடாது" என்று சொல்லி, காது இருந்த இடங்களையும் தேய்த்துத் துடைத்தாள். அப்போதுதான் நான் அழுதேன்.

6

முடிவு ஒன்று: அவள் ஏழு கற்களையும் படகில் கொண்டுபோய், ஒவ்வொன்றாக ஏரியில்... (அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.)

முடிவு இரண்டு: "எனக்கு முதல்லேயே தெரியும்" என்கிறாள். வாசகர்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பாரம் குறையும். ஆனால் அவளுக்குத் தெரியாது. அந்த முகத்தை நான் பார்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஐந்து வாரம் வெயிலில் வெளுத்த பிறகு கோர்பினியான் நெற்றியில் பச்சை மாலையைத் தீட்டி முடித்தார். கறுப்பில் தூரிகையைத் தோய்த்தார்.

"பேரு என்ன போடட்டும்க்கா?"

மகன் பெயரைப் போட்டால் ரூபெர்ட்டின் பொய்யும் என் பொய்யும் நிலைத்துவிடும். போடாவிட்டால் வின்சென்ஸுக்கு இந்த ஊரில் எங்குமே பெயரில்லை. அவன் குழியில் போன வாரமே வேறொருவரை வைத்தாகிவிட்டது.

நோட்புர்கா என் பக்கம் கையைக் காட்டினாள். இருபது வருஷமாக என்னை 'நீங்க' என்று சொன்னவள்.

"அவ சொல்லட்டும். இதையெல்லாம் எழுதுனவ அவதானே."

 தூரிகையில் மை காய்கிறது. துண்டறிக்கையின் நான்காம் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, நீங்களாவது சொல்லுங்கள். வின்சென்ஸா, வெறும் மாலையா? எதைச் சொன்னாலும் அவள் சரி என்றுதான் சொல்வாள். எனக்குப் பயமே அதுதான்.