பாராட்டுப் பிரிவு

ராஜாங்கத்தின் நாலு கடிதங்களையும் செலினா முழுதாகப் படித்தது ஏழு மாதம் கழித்துத்தான். மணலூர்பேட்டையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு இணைய உலாவிக்குத் தமிழில் வரும் கருத்துகளைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. குறை, யோசனை, பாராட்டு என்று மூன்று பிரிவு. ஒரு நாளைக்கு முந்நூறு. முதல் வரியைப் பார்த்தாலே எது எங்கே போகும் என்று தெரிந்துவிடும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பழையதைச் சரிபார்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து பட்டியல் வந்தபோதுதான் பாராட்டுப் பிரிவில் ராஜாங்கம் என்ற ஒரே பெயர் நாலு முறை இருந்தது கண்ணில் பட்டது.

நாலும் ஒரே மாதிரி தொடங்கின. 'ஐயா, உங்கள் உலாவி என்னைப் போன்ற பார்வையற்றவர்களுக்குப் பெரிய உதவி. மிக்க நன்றி.' விஷயம் அதற்குக் கீழே இருந்தது. புதிய பதிப்பில் படிவம் நிரப்பும்போது இரண்டு பொத்தான்கள் வருகின்றன. திரையைப் படித்துச் சொல்லும் குரல் இரண்டையுமே வெறும் 'பொத்தான்' என்கிறது. ஒன்று படிவத்தைத் தானாக நிரப்புகிறது, இன்னொன்று எழுதியதையெல்லாம் அழித்துவிடுகிறது. இரண்டாவது கடிதத்தில், அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு விண்ணப்பிப்பதாக எழுதியிருந்தார். மூன்றாவதில், வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாலாவது எழுதப்பட்டபோது அந்த நாளும் முடிந்திருந்தது; விண்ணப்பம் போய்ச் சேரவில்லை. யாராவது படித்தால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் கொடுத்திருந்தார்.

அவள் கூப்பிட்டாள். மறுநாள் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், தேய்த்த சட்டையும் மடக்கிய கைத்தடியுமாக அவர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலையாம். கடைக்காரரிடம், “நம்ம லெட்டரப் பாத்துட்டு கம்பெனிலேர்ந்தே வந்துகிறாங்க,” என்று சொல்லி அவளுக்கும் டீ வாங்கினார்.

“இப்ப சரி பண்ணிட்டாங்க சார்,” என்றாள்.

“தெரியுங்க. ரெண்டுக்கும் பேரு சொல்லுது. நல்லாவே சொல்லுது.”

அது சரியானது யாரோ ஆங்கிலத்தில் எழுதிய குறையால் என்பதை அவள் சொல்லவில்லை.

“யாரையாவது பக்கத்துல வச்சிக்கினு நெரப்பியிருக்கலாமேன்னு வூட்ல கேக்கறாங்க,” என்றார் அவர். “கம்ப்யூட்டர் வேலைக்குப் போறவன், அதுக்கு எழுதிப்போடவே ஆள் தேடுனா எப்படிங்க? அந்த வீம்பு. தேடியிருக்கணும்.”

தவறைத் தன்மேல் அவர் இழுத்துப் போட்டுக்கொண்டதை அவளால் தாங்க முடியவில்லை. “நான் மொத வரி மட்டுந்தான் படிச்சேன் சார். நாலையும் பாராட்டுன்னு போட்டுட்டேன்.”

அவர் கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது.

“மொத வரில இன்னா எழுதியிருந்தேன்?”

“நன்றின்னு.”

“ம்.” கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கேட்டார். “திட்டி எழுதியிருந்தா?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “குறைல போட்டிருப்பேன். ரெண்டு நாள்ல பாத்திருப்பாங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவந்த மன்னிப்பை அவள் சொன்னாள். பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. “டீ ஆறுதும்மா, குடிங்க,” என்றார்.

“திருநாவலூர், திருநாவலூர்!” என்று கண்டக்டர் கூவினார். ராஜாங்கம் எழுந்து தடியை விரித்து, குரல் வந்த திசையைப் பிடித்து நடந்து, யார் கையும் தொடாமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். செலினா பின்னாலேயே போய் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். டிரைவர் இன்னும் வரவில்லை. வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி அவர் நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. தான் நிற்பதை அவள் சொல்லவில்லை, போகவும் இல்லை.